மருந்தும் கணக்கும்

தொழிலைக் கையால் செய்து பழகி, அதன் வழியாகவே அறிவையும் பெறும் முறை மிகப் பழைமையானது. இங்கிலாந்து நாட்டில் 1563ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. ஒரு தொழிலைத் தானே நடத்த விரும்பியவன், முதலில் அத்தொழிலில் தேர்ந்த ஒருவரிடம் ஏழாண்டுகள் இருந்து பழகுதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. மின்னியலுக்கு அடிப்படை வகுத்த மைக்கேல் பாரடே, 1805ஆம் ஆண்டில், தம் பதினான்காம் வயதில், இலண்டனில் புத்தகம் கட்டும் தொழிலைப் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அவர் அறிவியலில் பற்றுக் கொண்டார் என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இங்ஙனம் ஒரு தொழிலைப் பயில்பவரைத் 'தொழில் பழகுநர்' என்று கூறுகிறோம்.

நெடுங்காலம் இம்முறை தச்சு, கொல்வேலை, கட்டடம், அச்சு முதலிய தொழில்களுக்கே உரியது என்று கருதப்பட்டது. பட்டம் பெற விரும்பியவர் பல்கலைக்கழகத்தை நாடினர். தொழில் பழக விரும்பியவர் பட்டறையை நாடினர். இவ்விரு வழிகளையும் ஒன்றாக இணைத்து, 2015ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம் 'பட்டத் தொழில் பழகுநர்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயது மாணவர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறார். திங்கள்தோறும் ஊதியம் பெறுகிறார். அதே காலத்தில் பல்கலைக்கழகப் பாடங்களையும் படித்துச் சில ஆண்டுகளில் பட்டமும் பெறுகிறார். அந்நாட்டில் ஏனைய மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 9,000 பவுனுக்கும் மிகுதி. அதற்காகப் பெருங்கடன் பெறுவோர் பலர். தொழில் பழகுநருக்கு அந்தச் சுமை இல்லை. ஊழியர்களின் ஊதியத்துக்காக ஆண்டுதோறும் 30 இலட்சம் பவுனுக்கு மேல் செலவிடும் நிறுவனங்கள், அம்மிகைத் தொகையில் நூற்றுக்கு அரைப் பங்கை வரியாகச் செலுத்த வேண்டும் என்னும் ஏற்பாடு 2017ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. அவ்வரிப் பணத்திலிருந்தே பயிற்சிச் செலவு கொடுக்கப்பெறுகிறது.

இம்முறையில் இன்று எத்தனையோ துறைகளைப் பயிலலாம். அவற்றுள் ஒன்று தரவு அறிவியல். எண்ணாலும் எழுத்தாலும் படத்தாலும் குறித்து வைக்கப்படும் செய்திகள் யாவும் தரவுகளே. அவற்றைத் திரட்டி, பிழை நீக்கி, கணக்கிட்டு, அவற்றினின்றும் உண்மையைக் கண்டறியும் கலை தரவு அறிவியல் ஆகும். வாணிகத்துக்கும் வங்கிக்கும் வானிலைக்கும் இது பயன்படுகின்றது. ஆயினும் மருந்து செய்யும் நிறுவனத்தில் இதனைப் பயில்பவரின் நிலை தனிப்பட்டது. அங்கே ஓர் எண் பிழைபட்டால், பொருள் நட்டத்தோடு தீங்கு நின்றுவிடுவதில்லை.

பிரிட்டனில் அஸ்ட்ராசெனெகா, ஜிஎஸ்கே முதலிய பெரிய மருந்து நிறுவனங்கள் பட்டத் தொழில் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அவ்வாறு சேர்ந்த மாணவி ஒருத்தியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். வாரத்தில் பெரும்பாலான நாள்கள் அவள் அலுவலகத்தில் தன் குழுவினருடன் வேலை செய்வாள். ஒரு நாள் பல்கலைக்கழகப் பாடத்திற்கு ஒதுக்கப்பட்டிருக்கும். சில பல்கலைக்கழகங்களில் இது வாரத்திற்கு ஒரு நாளாக இராமல், ஆண்டில் சில வாரங்கள் தொடர்ச்சியாக அமையும். நிகழ்தகவு, புள்ளியியல், கணினிக்கு ஆணை எழுதுதல் ஆகியவை அவளுடைய பாடங்கள். பைத்தான், ஆர் என்னும் கணினி மொழிகளை அவள் கற்கிறாள். திங்களன்று வகுப்பில் கேட்ட பாடம் வியாழனன்று மேசைமீது வேலையாக வந்து நிற்பதும் உண்டு. அதுவே இம்முறையின் சுவை.

மருந்து செய்வோருக்கு இத்தனை கணக்கு எதற்கு என்று நீங்கள் வினவலாம். ஒரு மருந்து நோயைத் தீர்த்தது என்று எவ்வாறு அறிவது? மருந்து உண்டவர் பிழைத்தார் என்பது போதாது. உண்ணாமலே பிழைப்பவர்களும் இருக்கிறார்களன்றோ? ஆகவே, உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் ஒப்பிட வேண்டும். அவ்வொப்பீடு நேர்மையாய் இருக்கவும் வேண்டும். இதற்கு வழிகாட்டிய சோதனை ஒன்றின் வரலாற்றை ஈண்டுச் சிறிது விரிவாகக் கூறுதல் தகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். காசநோயைத் தீர்க்கவல்லது என்று நம்பப்பட்ட ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. போரினால் பொருள்வளம் குன்றியிருந்த பிரிட்டனுக்கு அம்மருந்து மிகச் சிறிதளவே கிடைத்தது. நோயாளிகளோ பல்லாயிரவர். யாருக்குக் கொடுப்பது? யாரை விடுவது? அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் ஒரு வழி கூறினார். எந்த நோயாளிக்கு மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யலாகாது. அவ்வாறு செய்தால், பிழைக்கக் கூடியவர்களையே அவர் தம்மையறியாமல் தேர்ந்தெடுத்துவிடக் கூடும். எனவே, சார்பற்ற எண் வரிசை ஒன்றின்படி முன்னரே முடிவு செய்து, அம்முடிவுகளை உறைகளில் இட்டு மூடி வைத்தனர். நோயாளி சோதனையில் சேர்க்கப்பட்ட பின்னரே அவருக்குரிய உறை திறக்கப்பட்டது.

1947ஆம் ஆண்டில் தொடங்கிய இச்சோதனையில் 107 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களுள் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும் அளிக்கப்பட்டன. 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டுமே அளிக்கப்பட்டது. ஆறு திங்களுக்குள் மருந்து பெற்ற 55 பேருள் நால்வர் இறந்தனர். பெறாத 52 பேருள் 14 பேர் இறந்தனர். மார்பின் நிழற்படங்களைப் பார்த்து மதிப்பிட்ட மருத்துவர்களுக்கு, எந்தப் படம் எந்தக் கூட்டத்தாருடையது என்பது தெரிவிக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, மருந்துகளைச் சோதிக்கும் முறையையே மாற்றியது.

ஹில்லைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. மருத்துவராக விரும்பிய அவரை, முதல் உலகப் போரின்போது பற்றிய காசநோய் தடுத்துவிட்டது. நோயிலிருந்து தேறி வந்த காலத்தில் அவர் அஞ்சல் வழியாகப் பாடம் பெற்று இலண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டம் பெற்றார். புள்ளியியலை அதன்பின்னரே பயின்றார். கல்லூரியில் முழு நேரமும் அமர்ந்து படித்தவர்களால்தான் அறிவு வளர்கின்றது என்று எண்ணுவோர் இவர் வரலாற்றை நினைவிற்கொள்வது நன்று.

அதே ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு இம்முறை நம் சென்னை மாநகருக்கும் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 1956ஆம் ஆண்டில் காசநோய் ஆய்வு நிலையம் ஒன்று இங்கே தொடங்கப்பெற்றது. நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையிலும், மற்றொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தனர். வீட்டிலிருந்தோர் ஏழைகள், போதிய உணவு அற்றவர்கள், நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தவர்கள். ஆயினும் அவர்களும் மருத்துவமனையில் இருந்தோரைப் போலவே குணம் பெற்றனர் என்பது 1959ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. காசநோயாளிகளைத் தொலைவிடங்களில் ஒதுக்கி வைத்த வழக்கம் பல நாடுகளில் கைவிடப்பட்டதற்கு இக்கணக்கு பெருங்காரணமாயிற்று.

இனி, நம் மாணவியின் மேசைக்குத் திரும்புவோம். செய்தித்தாள்களைப் படிப்பவர்கள், அவள் நாள் முழுதும் அறிவுடைய இயந்திரங்களைக் கொண்டு புதிய மருந்துகளைக் கண்டுபிடிப்பாள் என்று எண்ணக்கூடும். அத்தகைய வேலையும் நிறுவனத்தில் நடைபெறுகின்றது. ஆனால், முதலாண்டில் அவளுடைய பொழுதிற் பெரும்பகுதி செலவாவது தரவுகளைத் தூய்மை செய்வதிலேயே. அரிசி பொறுக்குவது போன்ற வேலை இது. கல்லும் நெல்லும் நீங்கிய பின்னரே உலையில் இட முடியும்.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன? ஒரே சோதனை பல நாடுகளின் மருத்துவமனைகளில் நடைபெறும். ஓரிடத்தில் நோயாளியின் எடையைக் கிலோகிராமில் 70 என்று எழுதுவர். மற்றோரிடத்தில் அதே எடையைப் பவுண்டில் 154 என்று எழுதுவர். பிரிட்டனில் பழைய வழக்கப்படி ஸ்டோன் என்னும் அளவில் 11 என்றும் எழுதுவதுண்டு. மூன்றும் ஏறக்குறைய ஒரே எடைதான். கணினிக்கு அது தெரியாது. எடைக்கேற்ப மருந்தின் அளவு வேறுபடுமாயின், விளைவு என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இனி, தேதியைப் பாருங்கள். 03-04 என்று எழுதினால் ஆங்கிலேயருக்கு அது ஏப்ரல் 3; அமெரிக்கருக்கு மார்ச் 4.

கணினியே பிழையை விளைவிப்பதும் உண்டு. நம் உடலணுக்களில் உள்ள மரபணுக்கள் சிலவற்றுக்கு மார்ச் 1, செப்ட் 2 என்பன போன்ற பெயர்கள் வழங்கி வந்தன. இப்பெயர்களை அட்டவணை வரையும் மென்பொருளில் எழுதினால், அஃது அவற்றை மார்ச், செப்டம்பர் மாதங்களின் தேதிகள் என்று கொண்டு மாற்றிவிடும். மரபணுப் பட்டியல்களை இவ்வாறு அட்டவணையாக வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததென்று 2016ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மனிதர் சொல்லி மென்பொருள் கேட்கவில்லை. முடிவில், 2020ஆம் ஆண்டில் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று!

அதே 2020ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று நகைத்துவிட்டுப் போகத்தக்கதன்று. கொரோனா நோய் பரவிய வேளையில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையினர் நோய் கண்டவர்களின் பட்டியலைப் பழைய வகைக் கோப்பு ஒன்றில் சேர்த்து வந்தனர். அக்கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேற்பட்டவை ஓசையின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் உரிய காலத்தில் கணக்கில் வரவில்லை. அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமாயிற்று. நோயுற்றவருடன் உணவருந்திய ஒருவர், எச்சரிக்கை கிடைக்காமல், தம் முதிய தாயைக் காணச் சென்றிருப்பாரோ? யாரும் அறியார். ஒரு கோப்பின் அளவை ஒருவர் சரிபார்த்திருந்தால் இது நேர்ந்திராது.

எல்லாவற்றினும் கடினமானது வெற்றிடம். அட்டவணையில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. தொழிலுக்குப் புதியவர் அவ்வரிசையை நீக்கிவிடவே விரும்புவார். கணக்கு எளிதாகும் அன்றோ? அதனால் விளையும் தீங்கை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். புதிய மருந்து 100 பேருக்கும், பழைய மருந்து 100 பேருக்கும் அளிக்கப்பட்டன என்று கொள்வோம். ஆறு திங்கள் கழித்துப் பார்த்தால், புதிய மருந்துப் பிரிவில் 70 பேரைப் பற்றிய குறிப்பே உள்ளது. 30 கட்டங்கள் வெற்றிடம். அந்த 70 பேருள் 56 பேர் குணமடைந்துள்ளனர். பழைய மருந்துப் பிரிவில் 95 பேரின் குறிப்பு உள்ளது. அவர்களுள் 62 பேர் குணமடைந்துள்ளனர். வெற்றிடங்களை நீக்கிக் கணக்கிட்டால், புதிய மருந்து நூற்றுக்கு 80 பேரைக் குணப்படுத்தியது. பழையது 65 பேரையே குணப்படுத்தியது. புதியது எவ்வளவோ சிறந்ததாகத் தோன்றுகிறது!

ஆனால், அந்த முப்பதின்மர் எங்கே? அவர்களுட் பலர், புதிய மருந்தினால் உண்டான குமட்டலையும் மயக்கத்தையும் தாங்க மாட்டாமல் அதனை நிறுத்திவிட்டுச் சோதனையினின்றும் விலகியவர்களாய் இருக்கலாம். அவர்கள் குணமடையவில்லை. மருந்து கொடுக்கத் தொடங்கிய நூற்றுவரையும் விடாமல் எண்ணினால், குணமடைந்தார் என்று நாம் அறிந்தவர் புதிய மருந்தில் 56 பேர். பழையதில் 62 பேர். சிறந்தது எனத் தோன்றியது இப்போது தாழ்ந்துவிட்டது. ஆதலின், ஒருவர் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டாரோ, அவர் மருந்தை இடையில் நிறுத்தினாலும் அப்பிரிவிலேயே அவரை எண்ண வேண்டும் என்பது இத்துறையின் தலையாய நெறிகளுள் ஒன்று. வெற்றிடத்தைக் கண்டவுடன் 'ஏன்?' என்று கேட்பதற்கே மாணவி முதலிற் பழக்கப்படுகிறாள். அவள் மருத்துவமனைக்கு எழுதிக் கேட்க ஏற்பாடு செய்வாள். விடை கிடையாவிடின், கிடைக்கவில்லை என்றே குறிப்பாள். தோராயமாக ஓர் எண்ணை ஊகித்துக் கணக்கிடுவதாயின், முன்னரே வகுத்த முறைப்படி செய்து, அவ்வாறு செய்ததை வெளிப்படையாகவும் எழுதுவாள்.

அட்டவணையில் நோயாளியின் பெயர் இராது. அவரது தனிமையைக் காக்கும் பொருட்டு ஒரு குறியெண் மட்டுமே இருக்கும். இது தேவையான ஏற்பாடுதான். ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கான குறியெண்களைப் பார்ப்பவருக்கு, அவை மனிதர்கள் என்பதே மறந்துபோகக் கூடும். நல்ல குழுவினர் தம் தொழில் பழகுநரை மருத்துவர்களோடும் செவிலியரோடும் பேசச் செய்வது இதனாலேயே. கல்லூரி வகுப்பில் மட்டும் இருந்து இதனைக் கற்பது அரிது என்று தோன்றுகிறது.

இன்னும் இரண்டு காவல்கள் உள்ளன. சோதனையின் முடிவைப் பார்க்கும் முன்னரே, எவ்வாறு கணக்கிடப் போகிறோம் என்பதை எழுதி வைத்துவிட வேண்டும். விடையைக் கண்ட பின் வழியை மாற்றினால், வேண்டிய விடையை வருவித்துக்கொள்வது எளிது. அடுத்து, முக்கியமான கணக்கை இருவர் தனித்தனியே செய்து ஒப்பிடுவர். இருவர் விடையும் ஒத்தாலன்றி அது வெளியே செல்லாது. அனுபவம் மிக்கவரின் விடையும் பதினெட்டு வயது மாணவியின் விடையும் வேறுபடும்போது, பிழை எப்போதும் மாணவியுடையதாகவே இருப்பதில்லை!

மருந்து கடைக்கு வந்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுவதும் இல்லை. தாலிடோமைடு என்னும் மருந்து 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற மகளிர் குமட்டலைத் தணிப்பதற்கு அதனை உண்டனர். கைகால்கள் குறைந்த குழந்தைகள் பல நாடுகளில் பிறந்தன. அங்கங்கே ஒரு மருத்துவர் ஒரு குழந்தையைக் கண்டு வருந்தினார். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து எண்ணுவதற்கு அந்நாளில் ஏற்பாடு இல்லை. 1961ஆம் ஆண்டின் இறுதியில் அம்மருந்து திரும்பப் பெறப்படுமுன் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். இதன்பின், மருந்தினால் நேரும் தீய விளைவுகளை மருத்துவர்கள் எழுதி அனுப்புவதற்கு, 1964ஆம் ஆண்டில் பிரிட்டனில் 'மஞ்சள் அட்டை' முறை ஏற்பட்டது. இன்று நோயாளிகளும் தாமே அதன் வழியாகத் தெரிவிக்கலாம். இங்ஙனம் பல வழிகளிலும் வந்து குவியும் குறிப்புகளுள், தற்செயலாய் நேர்ந்தவை எவை, மருந்தினால் நேர்ந்தவை எவை என்று பிரித்தறிவதும் நம் மாணவி பழகும் வேலைகளுள் அடங்கும்.

இவ்வாழ்க்கை எளிதன்று. பகல் முழுதும் அலுவலகத்தில் உழைத்தவள் மாலையில் பாடம் எழுத வேண்டும். அவளுடைய பள்ளித் தோழியர் நீண்ட விடுமுறையில் ஊர் சுற்றும்போது அவளுக்கு வேலை இருக்கும். தேர்வும் அலுவலகக் கெடுவும் ஒரே வாரத்தில் வந்து நெருக்குவதும் உண்டு. பட்டம் பெறுவதற்கு ஏட்டுத் தேர்வு மட்டும் போதாது. அலுவலகத்தில் தானே செய்த வேலை ஒன்றை அறிக்கையாக எழுதி, தேர்வாளர் முன்னிலையில் விளக்கவும் வேண்டும். கணக்கு அறிந்தவருக்கு அதனை விளக்குவது எளிது. அறியாதவருக்கு விளக்குவதே அருஞ்செயல்.

அதற்கு ஒரு சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள். 'பத்தில் ஒருவருக்குத் தலைவலி உண்டாகலாம்' என்பது போன்ற ஒரு வரி சில தாள்களில் பொடி எழுத்தில் காணப்படும். அந்தப் பத்து என்னும் எண்ணையும் ஒன்று என்னும் எண்ணையும் பெறுவதற்கு, எங்கோ ஓர் அலுவலகத்தில், ஒருவர் வெற்றிடமாய்க் கிடந்த கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு எழுதியிருப்பார்.